நாற்பத்தொரு கிணறுகளின் கோடுகள்

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு அடுத்த வருடம் எனக்கு இருபத்திரண்டு வயது. மலாக்காவில் தண்ணீர் சம்பந்தமான ஓர் அரசாங்க அலுவலகத்தில் கணக்குக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை கிடைத்தது. வீட்டில் யாருக்கும் அது என்ன வேலை என்று புரியவில்லை. சம்பளக் கணக்கா, சாமான் கணக்கா என்று அப்பா கேட்டார். இரண்டும் இல்லை, கிணற்றுக் கணக்கு என்றேன். அவர் ஆஸ்பத்திரியில் டிரெசர். நாள் முழுக்கக் காயங்களுக்கு மருந்து கட்டிவிட்டு வந்தவருக்கு அதற்கு மேல் கேட்கப் பொறுமை இல்லை. கிணற்றில் விழாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நாங்கள் காஜா பெராங்கில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்போது எங்கள் பக்கம் பாதி வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வரவில்லை, கிணறுதான். அந்த வருடம் சில கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரித்தது. சவர்க்காரம் நுரைக்கவில்லை, தேநீர் வாயில் வைக்க முடியவில்லை என்று அலுவலகத்துக்கு மனுக்கள் வந்தபடி இருந்தன. ஒரு தெருவில் நல்ல தண்ணீர், அடுத்த தெருவில் உப்பு. கடற்கரைக்குப் பக்கத்தில் என்றால் புரிந்துகொள்ளலாம். கடலிலிருந்து ஒரு மைல் உள்ளே இருந்தும் புகார் வந்தது.

எங்கள் பொறியாளர் பினாங்குச் சீனர். வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன நாற்காலியில் புதிதாக உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவருக்கு ஒரு யோசனை இருந்தது. கடலில் ஏற்றம் வரும்போது தரைக்கு அடியிலும் அந்த அழுத்தம் பரவும். கடலோடு தொடர்புள்ள கிணற்றில் தண்ணீர் மட்டம் கொஞ்சம் உயரும், வற்றத்தின்போது இறங்கும். தொடர்பில்லாத கிணறு அசையாது. ஆகவே ஒவ்வொரு கிணற்றையும் மணிக்கு ஒரு தடவை அளந்து, துறைமுகத்தில் மணிக்கு மணி எழுதி வைக்கும் கடல் மட்டத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், கடல் ஓர் அடி ஏறும்போது அந்தக் கிணறு எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். புள்ளிகளை வரைபடத் தாளில் வைத்து, அவற்றின் நடுவே மிகப் பொருத்தமான ஒரு நேர்கோட்டைப் போடுவது போன்ற வேலை. கையால் போட்டால் ஆளுக்கு ஆள் கோடு மாறும். கணக்கால் போட்டால் மாறாது. அந்தக் கணக்குத்தான் என் வேலை.

அளக்கிற வேலை நான் அண்ணன் என்று கூப்பிடும் ஒருவருடையது. நாற்பதைத் தொட்டவர், குருபோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்துவிட்டுப் பட்டணத்து வேலைக்கு வந்தவர். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவர் என்றாலும் எண்களை அச்சு மாதிரி எழுதுவார். இரும்பு நாடாவின் முனையில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்குவார். தண்ணீர் பட்ட இடத்தில் சுண்ணம் கறுத்துவிடும். அதைப் பார்த்து அளவு எழுதுவார். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று கிணறுகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு, காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை மணிக்கு ஒரு முறை சைக்கிளில் சுற்றி வருவார். மூன்று நாள் முடிந்ததும் அடுத்த மூன்று கிணறுகள். ஒரு கிணற்றுக்கு முப்பத்தொன்பது அளவுகள். மொத்தம் நாற்பத்தொரு கிணறுகள்.

என் மேசையில் கைப்பிடி சுழற்றும் கணக்கு இயந்திரம் ஒன்று இருந்தது. முன்னால் சுழற்றினால் கூட்டும், பின்னால் சுழற்றினால் கழிக்கும். பெருக்கலென்றால் பல முறை சுழற்ற வேண்டும். பொறியாளர் எனக்குப் பன்னிரண்டு படிகள் கொண்ட ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். முதல் படி: கிணற்றின் அளவுகளை எடுத்துக்கொள். இரண்டாவது: கடல் அளவுகளைக் கூட்டு. இப்படியே பெருக்கி, கூட்டி, வகுத்து, பத்தாவது படியில் கோட்டின் சாய்வும் அது தொடங்கும் இடமும் கிடைக்கும். அவற்றைச் சுவரிலிருந்த கரும்பலகையில் அவர் வரைந்து வைத்த கட்டங்களில் எழுத வேண்டும். பதினொன்றாவது: சாய்வு அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் பதிவேட்டில் அந்தக் கிணற்றின் எண்ணுக்கு நேரே ஒரு பெருக்கல் குறி போடு. பன்னிரண்டாவது: பலகையை அழி, அடுத்த கிணற்றை எடு, முதல் படிக்குப் போ.

தாளைக் கொடுத்துவிட்டு அவர் கோலாலம்பூருக்கு இரண்டு மாத வேலையாகப் போய்விட்டார். நான் தாளில் உள்ளபடி செய்தேன். ஒரு கிணற்றுக்கு அரை நாள் பிடித்தது. இடைக் கணக்குகளைச் சிலேட்டில் போட்டேன். காகிதத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. உள்ளங்கையில் கைப்பிடி பட்ட இடம் காய்த்துப் போயிற்று. பொறியாளர் திரும்பி வந்த அன்று காலை நாற்பத்தோராவது கிணறும் முடிந்து, பதிவேட்டில் பதினாறு பெருக்கல் குறிகள் வரிசையாக நின்றன.

அவர் பதிவேட்டை வாங்கி, சுவரிலிருந்த ஊர்ப் படத்தில் சிவப்புப் பென்சிலால் அந்தப் பதினாறையும் குறித்தார். கடலோரத்தில் ஒன்பது விழுந்தன. அது அவர் எதிர்பார்த்தது. மீதி ஏழு உள்ளே, காஜா பெராங் பக்கம் சிதறி விழுந்தன. இந்த ஏழும் அரை அங்குலத்தைச் சற்றே தாண்டியவையா, நிறையத் தாண்டியவையா என்று என்னைக் கேட்டார். எனக்கு நினைவில்லை. அப்படியானால் கோடுகளைக் காட்டு என்றார். நான் பலகையைக் காட்டினேன். அதில் நாற்பத்தோராவது கிணற்றின் கோடு மட்டும் இருந்தது.

"மற்ற நாற்பது?"

"அழிச்சிட்டேன் சார்."

வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் என் மேசையிலிருந்த படிகள் தாளை எடுத்து மேலிருந்து கீழே படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு, தாள் அழிக்கச் சொல்கிறது, எங்கேயும் எடுத்து வைக்கச் சொல்லவில்லை, இது நான் செய்த தப்பு என்று நிதானமாகச் சொன்னார். மேலதிகாரி ஒருவர் தன் தப்பைத் தன் வாயால் சொல்வதை நான் அதுவரை கேட்டதில்லை.

அந்தத் தப்பை நான் பிற்காலத்தில் எத்தனையோ முறை பார்த்தேன். பத்து வருடம் கழித்து கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நிரல் எழுதக் கற்றுக்கொள்ள ஆள் கேட்டார்கள். நான் கை தூக்கினேன். எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவற்றில் ஒன்று சுழல்: ஒரே படிகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது. ஒவ்வொரு மழைமானி நிலையத்துக்கும் ஒரு கோடு பொருத்தச் சொல்லி என்னோடு வேலை பார்த்த ஒருவர் நிரல் எழுதினார். முப்பது நிலையங்கள். இயந்திரம் முணுமுணுத்து ஓடி முடித்தபோது கடைசி நிலையத்தின் கோடுதான் மிஞ்சியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் விடையை ஒரே பெயருள்ள இடத்தில் போட்டிருந்தார். புதியது வந்து பழையதை அழித்துவிட்டது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சுழலுக்கு முன்பே ஒரு காலிப் பட்டியலைத் திறந்துவைத்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கோட்டை முழுசாக அதில் அதனதன் இடத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் சட்டென்று சொல்லிவிட்டேன். எப்படி உடனே தெரிந்தது என்று கேட்டார். மலாக்காவில் கரும்பலகையில் கற்றுக்கொண்டேன் என்றேன். அவர் சிரித்தார், வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

கோடுகள்தான் போயினவே ஒழிய, அளவுகள் போகவில்லை. அண்ணனின் நோட்டுப் புத்தகங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. நான் அவற்றைக் கேட்கப் போனபோது அவர் முகம் மாறிவிட்டது.

"தங்கச்சி, மறுபடியும் அளக்கச் சொல்லிறாதீங்க. என் சைக்கிளுக்கே அந்த வழியெல்லாம் மனப்பாடமாயிருச்சு."

அளக்க வேண்டாம், நோட்டு மட்டும் போதும் என்றதும் அவருக்கு உயிர் வந்தது. எதற்கு என்று விசாரித்தார். சொன்னேன். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் அட்டை வேண்டும், அலுவலகத்தில் அட்டை இல்லை என்றும் சொன்னேன். மறுநாள் அவர் பட்டணத்தில் துணிக்கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் பாயிடமிருந்து சட்டைப் பெட்டிகளின் அட்டைகளை ஒரு கட்டு வாங்கி வந்தார். அந்தக் கடையின் பின்கட்டுக் கிணறும் எங்கள் நாற்பத்தொன்றில் ஒன்று. தன் கிணற்றுக்கான அட்டையை மட்டும் கொஞ்சம் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாராம் பாய்.

அட்டைகளை ஒரே அளவாக வெட்டினேன். ஒவ்வொன்றின் தலையிலும் கிணற்றின் எண். கீழே சாய்வு, தொடங்கும் இடம், புள்ளிகள் கோட்டைவிட்டு எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு. அதற்குக் கீழே அந்தக் கோட்டையே, எல்லா அட்டைகளிலும் ஒரே அளவில், மையால் வரைந்தேன். பன்னிரண்டாவது படியை நானே திருத்தி எழுதிக்கொண்டேன்: அட்டையைப் பெட்டியில் அதன் எண் வரிசைப்படி வை, பிறகு பலகையை அழி.

மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதே இயந்திரம், அதே சுழற்றல். ஆனால் முதல் தடவை ஒவ்வொரு கிணறும் வந்தது, போயிற்று. அடுத்ததை எடுக்கும்போது முந்தையது எனக்கு ஒன்றுமில்லை. இப்போது பெட்டியில் அட்டைகள் ஏற ஏற, ஒரு கிணற்றை முடித்ததும் பின்னால் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. இது பன்னிரண்டாம் எண்ணைப் போல இருக்கிறதே என்று எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். முதல் தடவை நான் செய்த பிழைகளும் அகப்பட்டன. இருபத்துமூன்றாம் கிணற்றுக்குப் பெருக்கல் குறி போட்டிருந்தது தவறு; ஓர் எண்ணை மாற்றி ஏற்றியிருக்கிறேன். ஏழாம் கிணற்றுக்குக் குறி போட்டிருக்க வேண்டும், போடவில்லை. பொறியாளரிடம் இரண்டையும் சொன்னேன். தலையசைத்துவிட்டுப் படத்தில் ஒரு சிவப்புக் குறியை அழித்து இன்னொன்றை வைத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமைக் காலையில், அலுவலகக் கூடத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளினோம். பொறியாளர் தரையில் சுண்ணக்கட்டியால் கடற்கரையை வரைந்தார், ஆற்றை வரைந்தார், பெரிய ரோடுகளை வரைந்தார். அண்ணன் எந்தக் கிணறு எங்கே என்று சொல்லச் சொல்ல, நான் அட்டைகளை அந்தந்த இடத்தில் வைத்தேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. எல்லாம் அவருக்குக் கால் கணக்கு.

வைத்து முடித்து எழுந்து நின்று பார்த்தேன்.

கடலோரத்து அட்டைகளில் கோடுகள் செங்குத்தாக நின்றன. உள்ளே வர வர அவை சாய்ந்தன, இன்னும் உள்ளே படுத்துவிட்டன. புக்கிட் பாரு பக்கத்து அட்டைகளில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. இது வரை யாரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் படுத்துக் கிடந்த அட்டைகளின் நடுவே ஏழு அட்டைகளில் மட்டும் கோடுகள் நிமிர்ந்து நின்றன. அவை சிதறியிருக்கவில்லை. பதிவேட்டுக் குறிகளில் இருந்த இரண்டு பிழைகள் விலகியதும், ஒன்றையடுத்து ஒன்றாக, கடற்கரைப் பக்கம் தொடங்கி வளைந்து வளைந்து காஜா பெராங்குக்குள் புகுந்திருந்தன. கடலிலிருந்து தள்ளிப் போகப் போக அந்த ஏழிலும் சாய்வு கொஞ்சங்கொஞ்சமாக, ஒழுங்காகக் குறைந்தது.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, இது ஆறு போற மாதிரில்ல இருக்கு?"

அவர் சொன்னதை ஆங்கிலத்தில் பொறியாளருக்குச் சொன்னேன். அவர் குந்தி உட்கார்ந்து அந்த ஏழு அட்டைகளையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். எந்தக் காலத்திலோ ஓர் ஆறு அந்த வழியாக ஓடி, மண் மூடிப்போய், அதன் மணற்படுகை இன்னும் அடியில் இருந்தால், கடலின் ஏற்றம் அந்த மணல் வழியாக ஊருக்குள் வரும் என்றார். உடனே தன்னையே மறுத்தும் பேசினார். ஏழு அட்டைகளில் மனிதன் எதை வேண்டுமானாலும் பார்ப்பான். வானத்தில் நட்சத்திரங்களைச் சேர்த்து யானை பார்ப்பதில்லையா என்றார். நிஜமா பொய்யா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்த ஏழின் வரிசையில் ஐந்தாம் அட்டைக்கும் ஆறாம் அட்டைக்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி. அங்கே நாங்கள் அளக்காத கிணறு ஏதாவது உண்டா?

உண்டு என்றார் அண்ணன். மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பில் ஒரு வீட்டின் பின்னால். அந்த வீட்டுக்காரர்கள் முன்பு ஊரில் இல்லாததால் விட்டுவிட்டார்.

ஐந்தாம் அட்டையின் சாய்வு அடிக்கு இரண்டேகால் அங்குலம். ஆறாவது ஒன்றேமுக்கால். அப்படியானால் நடுவிலிருக்கும் கிணறு அடிக்கு இரண்டு அங்குலம் ஏற வேண்டும். அடுத்த வாரம் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வற்றம், பிற்பகல் இரண்டு மணிக்கு ஏற்றம். கடல் ஐந்தடி உயரும். பொறியாளர் என் கையில் ஒரு வெற்று அட்டையைக் கொடுத்து, போகுமுன்பே எழுதி வைக்கச் சொன்னார். நான் எழுதினேன்: பத்து அங்குலம். இதுவரை பார்த்திராத ஒரு கிணற்றைப் பற்றி எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டே அட்டையைப் பைக்குள் வைத்தேன்.

அந்த வீட்டில் ஓர் அம்மாள் இருந்தார். நெற்றியில் திருநீறு, உடுத்தியிருந்தது மலாய்ப் பெண்களைப்போல சாரோங்கும் கெபாயாவும். வாசலில் மாவிலைத் தோரணம். பல தலைமுறைகளுக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் என்பதால் அவருக்குத் தமிழ் பேச வராது. அவர்களுடைய மலாயில்தான் பேசுவார். நான் அக்கா என்பதற்கு மலாயில் சொல்வதுபோல 'கக்' என்றேன், அவர் என்னைத் தங்கை என்ற பொருளில் 'அடிக்' என்றார். எதற்காக ஒரு கிணற்றைக் காலையிலிருந்து மாலை வரை பார்க்க மூன்று பேர் வந்திருக்கிறோம் என்று நான் விளக்கியபோது, அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கிணற்றில் இறைக்கிறாராம். மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும், அவ்வளவுதான் என்றார். அளவு குழம்பிவிடும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதால் அன்று இறைப்பதை மட்டும் நிறுத்தி வைத்தார்.

சரியாக ஒன்பது மணிக்கு அண்ணன் நாடாவை இறக்கினார். ஏற்றமும் வற்றமும் கிணற்றுக்கு வந்துசேர ஒரு மணி நேரம் பிடிக்கும் என்று மற்ற கிணறுகளின் அளவுகளிலிருந்து தெரிந்திருந்தது. உள்சுவரில் தண்ணீர் தொட்ட செங்கல்லில் ஓர் ஈரக்கோடு தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு ஒன்றரை அங்குலம் ஏறியிருந்தது. பதினொன்றுக்கு மூன்றேகால். வானத்தில் ஒரு மேகம் இல்லை. காற்றும் இல்லை. உச்சி வெயிலில் ஊர் முழுக்க வாடிக் கிடந்தது. எங்கள் காலடியில் அந்தத் தண்ணீர் ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு சுழிப்பும் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் வெளியே இருந்த செங்கல் ஒன்று மதியம் முழுகிப் போயிருந்தது.

அந்த அம்மாள் சமையலை விட்டுவிட்டு வந்து எங்களோடு கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடல் அங்கிருந்து ஒரு மைலுக்கு மேல். நடுவில் எத்தனை வீடு, எத்தனை கடை, எத்தனை ரோடு. வெகுநேரம் உள்ளே பார்த்திருந்துவிட்டு அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"சியாப்பா தாரிக்?"

யார் இழுப்பது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த பதில் இருந்தது: சந்திரன், கடல், மணல், கணக்கு. அவர் கேட்ட கேள்வி அதைவிடப் பெரியது என்று தோன்றியது.

மூன்று மணிக்கு அண்ணன் நாடாவை மேலே இழுத்தார். சுண்ணம் கறுத்த இடத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். காலையிலிருந்து ஒன்பதேமுக்கால் அங்குலம். பொறியாளர் என் அட்டையை வாங்கி, நான் எழுதியிருந்த பத்துக்குக் கீழே அதை எழுதி, தேதி போட்டு, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். அலுவலகத் தாள் ஒன்றில் என் கையெழுத்து விழுந்தது அதுதான் முதல் தடவை.

பிறகு ஒரு மாதம் கழித்து, ஆறாம் அட்டைக் கிணற்றுக்கு அருகே ரோட்டோரத்தில் துளை போட்டார்கள். நான்கு ஆட்கள் திருகுத் தண்டைச் சுற்றிச் சுற்றி இறக்கினார்கள். முதலில் செம்மண் வந்தது, பிறகு கறுத்த களிமண். இருபதடிக்குக் கிட்டே போனபோது களிமண் நின்று, சாம்பல் நிற மணல் வந்தது. ஈரமாக, அரித்தெடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அதில் வெள்ளையாகச் சிப்பிகள். அண்ணன் ஒன்றை எடுத்துச் சட்டை முனையில் துடைத்து என் கையில் வைத்தார். விளிம்பு சற்றும் தேயவில்லை. அது உயிரோடு இருந்தபோது இங்கே தண்ணீர் ஓடியிருக்கிறது, வெயில் பட்டிருக்கிறது, படகு போயிருந்தாலும் போயிருக்கும். இந்த ஊருக்குப் பெயர் வைப்பதற்கு எத்தனையோ காலம் முன்னால்.

அந்த வட்டாரத்துக்காகத் தோண்டவிருந்த பம்புக் கிணற்றைப் பொறியாளர் அந்த மணல் வழியிலிருந்து விலக்கிப் புக்கிட் பாரு பக்கம், கோடு படுத்துக் கிடந்த அட்டைகளின் நடுவே கொண்டுபோனார். அடுத்த வருடம் எங்கள் சந்து முனைக்குக் குழாய் வந்தது. தண்ணீர் நன்றாகவே இருந்தது. செட்டி வீட்டு அம்மாள் தன் கிணற்றைத் துணி துவைக்க மட்டும் வைத்துக்கொண்டார். ரோட்டில் என்னைப் பார்த்தால் நிறுத்தி, இன்று எந்நேரம் ஏற்றம் என்று கேட்டுக்கொள்வார். நான் அலுவலகத்தில் பார்த்து வந்து சொல்வேன்.

துளை போட்ட அன்று மாலை நான் காஜா பெராங் ரோட்டில் வீட்டுக்கு நடந்தேன். சைக்கிள் மணிகள், ஒரு லாரி, யார் வீட்டிலோ மீன் பொரிக்கும் வாசம். கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எதற்கோ சிரித்தார்கள். எல்லாரும் ஓர் ஆற்றின்மேல் இருந்தார்கள். மணி ஐந்தரை இருக்கும். கடல் ஏறத் தொடங்கிவிட்ட நேரம். நான் என்னையறியாமல் காலை மெதுவாக எடுத்து வைத்து நடந்தேன்.